விருதுக்கு முன் வாசிப்பு

அன்புள்ள ஐயா,

உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் என்ற பட்டியல் வெளிவரும்போதெல்லாம் முகநூல் வாழ்த்துகளால் நிறைகிறது. பட்டியலில் வந்த ஒருவருக்கான வாழ்த்துகளைப் பார்த்த என் மாணவி ஒருத்தி, "சேர், அவர் என்ன கண்டுபிடித்தார்?" என்று கேட்டாள். வாழ்த்தியவர்களில் ஒருவர்கூட அதை எழுதியிருக்கவில்லை. விரிவுரையாளர்களுக்கு ஆய்வு விருதுகள் தேவைதானா? அந்தப் பணத்தை மாணவர் விடுதிக்குச் செலவிடலாமே?

ஆசிரியர் ஒருவர், நிலாவெளி

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் மாணவி கேட்டதைத்தான் விருதுக்குழுவும் முதலில் கேட்க வேண்டும். ஆனால் விருதே வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. நம் திருகோணமலை வளாகத்தில் விரிவுரை, விடைத்தாள், கூட்டம் என்று பகலெல்லாம் ஓடிவிட்டு இரவில் ஆய்வுக்கு உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். தன் உழைப்பை ஊர் கவனிக்கிறது என்று அறிவது அவர்களுக்குப் பெரிய பலம். விடுதி மாணவரின் உரிமை. அதற்கான பணத்தை அரசிடம் கேட்போம்.

கோளாறு அளவுகோலில் இருக்கிறது. நீங்கள் சொல்லும் பட்டியலை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜான் இயோனிடிஸ் குழுவினர், ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் ஒருவரின் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கணக்கிட்டுத் தயாரிக்கிறார்கள். அதில் இடம்பெறுவது பாராட்டுக்குரியதே. ஆனால் தமிழில் வெளிவரும் ஆய்விதழ்களை அந்தத் தளத்தில் காண்பது அரிது. அங்கே இல்லாத கட்டுரை எவ்வளவு சிறந்ததானாலும் கணக்கில் பூச்சியம்தான்.

நம் மாவட்டத்துப் பெரியகுளத்தருகே உள்ள வெல்கம் விகாரையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் அந்தப் பௌத்தப் பள்ளியை இராஜராஜப் பெரும்பள்ளி என்று குறிக்கின்றன. தமிழ் பேசியவர்கள் பௌத்தப் பள்ளிக்குத் தானம் கொடுத்த செய்தி அது. இந்த மாவட்டத்தின் வரலாற்றைப் பேசும் எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. அப்படியொரு கல்லைப் படிக்க என்ன பாடு தெரியுமா? கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, எழுத்தின் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் அடித்து, மேலே மை ஒற்ற வேண்டும். கறுப்பில் வெள்ளையாக எழுத்துகள் எழும்பும். சிதைந்த ஓர் எழுத்தை ரகரம் என்பதா, துணைக்கால் (ா) என்பதா என்று மாதக்கணக்கில் பிற சாசனங்களோடு ஒப்பிட வேண்டும். இத்தனைக்கும் பிறகு அது ஒரு நினைவு மலரில் பத்துப் பக்கக் கட்டுரையாக வரும். எந்தப் பட்டியலும் அதை எண்ணாது.

2015இல் வெளியான லெய்டன் அறிக்கை, உள்ளூருக்குப் பொருந்தும் ஆய்வின் சிறப்பைக் காக்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது. ஆய்வை அளப்பதில் தேர்ந்தவர்கள் எழுதியது அது.

ஆகவே நம் பல்கலைக்கழகங்கள் விருதுக்கு எண்ணிக்கை கேட்பதை விட்டுவிட்டு, ஆய்வாளர்களைத் தங்கள் சிறந்த ஆக்கங்களில் மூன்றை மட்டும் தரச் சொல்லட்டும். தமிழானாலும் சிங்களமானாலும் ஆங்கிலமானாலும் சரி. துறையறிந்த வெளியார் இருவர் அவற்றை முழுதாகப் படித்து, இது ஏன் நல்ல ஆய்வு என்று ஒரு பக்கம் எழுதட்டும். பொன்னாடை போர்த்துவதற்கு முன் அந்தப் பக்கம் மேடையில் தமிழில் வாசிக்கப்பட வேண்டும். பத்திரிகைகளுக்கும் அதுவே போக வேண்டும். பல்கலைக்கழக மூதவையில் (செனட்) இதைப் பேசும்படி எனக்குத் தெரிந்த பேராசிரியர்களுக்கு எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். பழைய மாணவர்களும் பெற்றோரும் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது.

அன்புடன்.