ஐயர், மந்திரம் இல்லாமல் நடந்த திருமணம் சட்டப்படி செல்லுமா?

தமிழ்நாட்டில் தாராளமாகச் செல்லும். அண்ணா ஆட்சியில் 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தார்கள். உறவினரோ நண்பரோ முன்னிலையில், 'இவரை என் துணையாக ஏற்கிறேன்' என்று இருவருக்கும் புரிகிற மொழியில் சொன்னால் போதும். மாலை மாற்றினாலும், மோதிரம் போட்டாலும், தாலி கட்டினாலும் சரி. ஓமம் வேண்டியதில்லை. முன்பே நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்றது அந்தச் சட்டம். என்னைக் கேட்டால் அதில் பெரிய விஷயம் அதுதான், அந்தத் தம்பதிகளின் பிள்ளைகளை வாரிசு இல்லை என்று யாரும் தள்ள முடியாமல் போனது.

ஊரைக் கூட்ட வேண்டுமா? வேண்டாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஆனால் இருவரும் சட்டப்படி இந்துக்களாக இருக்க வேண்டும். மதம் வேறென்றால் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அப்புறம், 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள்.