ரிப்பன் புழுவா, தட்டைப்புழுவா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மழை விட்டதும் எங்கள் மாந்தோப்பில் ஈரச் சருகுக்கு அடியில் ஒரு சாண் நீளத் தட்டைப் புழு கிடந்தது. முதுகில் கருங்கோடுகள், தலை அரைவட்டம். கடலில் வாழும் ரிப்பன் புழு இங்கேயும் வருமா?
– வாசகர், போச்சம்பள்ளி

பதில்: அது பைபாலியம் என்னும் நிலத்துத் தட்டைப்புழு. அரைவட்டத் தலையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதற்கு வாய் வயிற்றுப்பக்கம், உடலின் நடுவில் இருக்கும், மலத்துவாரம் கிடையாது. ரிப்பன் புழுவுக்கோ மலத்துவாரமும் ரத்தக்குழாய்களும் உண்டு. அவற்றில் மிகச் சில இனங்களே நிலத்திலும் நன்னீரிலும் வாழ்கின்றன.

பைபாலியம் மண்புழுவைத் தின்னும். அதற்காக மண்வெட்டியால் வெட்டிவிடாதீர்கள். துண்டுகள் தனித்தனிப் புழுக்களாக வளர்ந்துவிடும். சில இனங்களில் டெட்ரோடோடாக்சின் நஞ்சு இருப்பதால் வெறுங்கையால் தொடாமல், குச்சியால் எடுத்துக் கெட்டியான உப்புக்கரைசலில் போடுங்கள்.

கேள்வி: எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். ரிப்பன் புழுக்களைப் பழைய நூல் அனோப்லா, எனோப்லா என இரண்டாகப் பிரிக்கிறது. புதியது மூன்று என்கிறது. எது சரி? மண்டபம் களப்பயணத்தில் மாதிரி கிடைத்தால் சிதையாமல் பதப்படுத்துவது எப்படி?
– மாணவி, தர்மபுரி

பதில்: பேலியோநெமர்டியா, பிலிடியோஃபோரா, ஹாப்லோநெமர்டியா என மூன்று வகுப்புகளையே எழுதுங்கள். இரையைப் பிடிக்க வெளியே பாயும் துதிக்கையில் ஸ்டைலட் என்னும் ஊசி இல்லாதவற்றையெல்லாம் அனோப்லாவில் சேர்த்திருந்தார்கள். ஒரு உறுப்பு இல்லாமை உறவுக்குச் சான்றாகாது. அந்தக் கூட்டத்திலிருந்த ஹெட்டிரோநெமர்டியாக்கள் (இப்போது பிலிடியோஃபோராவில் அடங்குபவை), ஊசியுள்ள ஹாப்லோநெமர்டியாக்களுக்கே நெருங்கியவை என்று டிஎன்ஏ ஆய்வுகள் காட்டின. பிலிடியோஃபோராவின் அடையாளம் பிலிடியம் என்னும் லார்வா, அதாவது இளம்பருவ உயிரி. தொப்பி வடிவ லார்வாவுக்குள்ளேயே குட்டிப்புழு உருவாகி, வெளியே வரும்போது பெரும்பாலும் அந்த லார்வாவையே தின்றுவிடும். விலங்கியலில் இதற்கு இணையான உருமாற்றம் அரிது.

இனி மாதிரி. துதிக்கை, குடலுக்கு மேலே திரவம் நிறைந்த தனி உறைக்குள் இருக்கிறது. உறைத்தசை இறுகினால் அழுத்தத்தில் அது உள்வெளியாகப் புரண்டு பாயும். உயிருள்ள புழுவை நேரே ஆல்கஹாலில் போட்டால் இதுதான் நடக்கும்: துதிக்கை பிய்ந்து தனியே வரும், உடலும் துண்டாகும். ஆகவே முதலில் மயக்க வேண்டும். நீரேறிய மக்னீசியம் குளோரைடு 75 கிராமைக் கரைத்து நன்னீரில் 1 லிட்டராக்குங்கள். அதைக் கடல்நீரோடு சரிபாதி கலந்து புழுவை விடுங்கள். மெல்லிய தூரிகையால் தொட்டும் அசையாதபோது மயக்கம் போதும்.

நிறம், கண்புள்ளிகள், தலைப்பள்ளங்கள் ஆகியவற்றை மயக்குவதற்கு முன்பே படமெடுங்கள்; ஆல்கஹாலில் நிறம் போய்விடும். சிறு புழுவாக இருந்தால் கண்ணாடித் தகட்டில் மூடிவில்லையால் மெதுவாக அழுத்தினால் ஸ்டைலட் தெரியும். அது கால்சியம் பாஸ்பேட்டால் ஆனது, அமிலக் கரைசலில் கரைந்துவிடும். பிறகு வால்நுனியில் சிறு துண்டு 95% எத்தனாலுக்கு, டிஎன்ஏவுக்காக. தலைப்பகுதி 10% ஃபார்மலினுக்கு, திசுவெட்டுக்காக. ஒரு குப்பியில் ஒரு புழு மட்டும்.

மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் வனத்துறை அனுமதியில்லாமல் எதையும் சேகரிக்கக் கூடாது.

கேள்வி: 55 மீட்டர் ரிப்பன் புழு உண்மையா?
– வாசகர், அரூர்

பதில்: 1864-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கரையில் ஒதுங்கிய லினியஸ் லாங்கிசிமஸ் என்னும் ரிப்பன் புழு பற்றிய பதிவு அது. இழுத்தால் பல மடங்கு நீளும் உடல் என்பதால் அந்த அளவை அப்படியே ஏற்க முடியாது. வழக்கமாக 5 முதல் 15 மீட்டர். அகலமோ 1 சென்டிமீட்டரைத் தாண்டாது. இவற்றின் நீளத்தை எழுதும்போது, ஊர்ந்துகொண்டிருந்தபோது எடுத்ததா, மயக்கிய பின் எடுத்ததா என்று சேர்த்தே குறிக்க வேண்டும்.