சி.ஆர்.பி. ஏறினால் இதயத்துக்கு என்ன? டயாலிசிஸ் குடும்பங்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

காரைக்குடி வாசகி: என் கணவருக்கு வயது 58, எடை 60 கிலோ. சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதாகி, ஐந்து மாதமாகக் கழுத்துக் குழாய் வழியாக வாரம் 2 முறை டயாலிசிஸ் நடக்கிறது. சி.ஆர்.பி. 24 என்று வந்திருக்கிறது. ‘உடம்பில் அழற்சி இருக்கிறது, இதயத்துக்கு ஆகாது’ என்கிறார் மருத்துவர். அவருக்குக் காலில்கூட வீக்கம் இல்லையே? இதைக் குறைக்க மாத்திரை உண்டா?

கால் வீக்கம் வேறு, அழற்சி வேறு. காலில் சேர்வது நீர். அழற்சி என்பது எதிர்ப்புச் சக்தி ஓயாமல் விழித்திருக்கும் நிலை. வெளியே ஒன்றும் தெரியாது. அப்போது கல்லீரல் சுரக்கும் புரதம்தான் சி.ஆர்.பி. அறிக்கையில் அலகையும் பாருங்கள். லிட்டருக்கு 24 மில்லிகிராம் என்பதும் டெசிலிட்டருக்கு 2.4 என்பதும் ஒன்றே. லிட்டருக்கு 5-க்குக் கீழே இருப்பதைப் பெரும்பாலான ஆய்வகங்கள் இயல்பு என்கின்றன. சளி பிடித்தால்கூட ஏறும் என்பதால் இரண்டு மூன்று வாரம் கழித்து, டயாலிசிஸ் தொடங்கும் முன் ரத்தம் எடுத்து மறுபடி பாருங்கள்.

அது இறங்காமலே நின்றால் ரத்தக் குழாயின் உட்சுவர் புண்படுகிறது, கொழுப்பு படிகிறது, சுண்ணாம்பும் சேர்ந்து குழாய் விறைக்கிறது. சுண்ணாம்பு படியாமல் காக்கும் ஃபெட்யூயின் என்ற புரதமும் அழற்சியில் குறைந்துபோகிறது. டயாலிசிஸ் செய்பவர்களின் உயிரைப் பறிப்பதில் இதய நோய் முன்னணியில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாத்திரையைத் தேடாதீர்கள், மூலத்தைத் தேடுங்கள். உங்கள் கணவருக்கு எங்கள் முதல் சந்தேகம் அந்தக் கழுத்துக் குழாய்மேல்தான். குழாயின் உட்புறம் கிருமிகள் பாசிபோல் படலம் கட்டிக்கொள்ளும். காய்ச்சல் இல்லாமலே அழற்சியைத் தூண்டிக்கொண்டிருக்கும். டயாலிசிஸ் தொடங்கிச் சற்று நேரத்தில் குளிர் நடுக்கம் வந்தால் பாராசிட்டமால் போட்டு அடக்கிவிட்டு வீட்டுக்கு வரக்கூடாது. ஆன்டிபயாடிக் ஏற்றுவதற்கு முன்பே ரத்தக் கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். ஒருவருக்கு மட்டும் நடுக்கம் என்றால் பெரும்பாலும் குழாய். அதே ஷிஃப்டில் நாலைந்து பேருக்கு என்றால் ஆர்.ஓ. தண்ணீரையோ, கழுவி மறுபடி பயன்படுத்தும் டயலைசர் என்ற ரத்த வடிகட்டியையோ சந்தேகிக்க வேண்டும். டயாலிசிஸ் தண்ணீரில் எண்டோடாக்சின் என்ற கிருமி நஞ்சு மில்லிலிட்டருக்கு 0.25 அலகுக்குக் கீழும், கிருமி எண்ணிக்கை 100-க்குக் கீழும் இருக்க வேண்டும். கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

குழாய் இருக்கும்வரை ஊருணியிலோ கோயில் குளத்திலோ முழுக்கு வேண்டாம், கட்டு நனையக்கூடாது. இணைக்கும்போதும் கழற்றும்போதும் அவரும் செவிலியரும் முகக்கவசம் அணிய வேண்டும். கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா அறுவையை இனியும் தள்ளிப்போடாதீர்கள். அது ஊசி ஏற்றும் அளவுக்குப் பழுக்கவே ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதற்கென ஒதுக்கிய கையில் ரத்தம் எடுக்கவோ, ட்ரிப் போடவோ, பி.பி. பார்க்கவோ விடாதீர்கள்.

அடுத்தது வாயும் பாதமும். ஈறில் சீழ் இருந்தால் சி.ஆர்.பி. இறங்காது. பல் மருத்துவரிடம் டயாலிசிஸுக்கு மறுநாள் போங்கள்; அன்றைக்கே போனால், ரத்தம் உறையாமல் இருக்கப் போட்ட ஹெப்பாரின் மருந்தின் மிச்சத்தால் ரத்தம் நிற்கச் சிரமப்படும். பாதத்தைத் தினமும் விரல் இடுக்குவரை நீங்களே பாருங்கள். உணர்ச்சி குறைந்த கால்களோடு உச்சி வெயிலில் கோயில் பிரகாரக் கல்லில் நடந்தால் கொப்புளம் வந்தது அவருக்கே தெரியாது.

தேவகோட்டை வாசகர்: எங்கள் அப்பச்சிக்கு டயாலிசிஸ் நடக்கிறது. கொலஸ்ட்ரால் 120தான். இதயம் பத்திரம் என்று நிம்மதியாக இருக்கலாமா?

இருக்க முடியாது. டயாலிசிஸில் மிகக் குறைந்த கொலஸ்ட்ரால் பல நேரம் அழற்சிக்கும் ஊட்டக் குறைவுக்கும் அடையாளம். அறிக்கையில் பக்கத்திலேயே ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். டெசிலிட்டருக்கு 4 கிராமை ஒட்டி இருந்தால் நல்லது, 3.5-க்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும்.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை பற்றியும் கேட்பீர்கள். 2009-இல் வெளியான ‘அரோரா’ ஆய்வில் 2,776 டயாலிசிஸ் நோயாளிகள் பங்கேற்றார்கள். ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினைக் கொடுத்ததில் கொலஸ்ட்ராலும் இறங்கியது, சி.ஆர்.பி.யும் இறங்கியது, மாரடைப்பும் பக்கவாதமும் மரணமும் குறிப்பிடும்படி குறையவில்லை. எண்ணை இறக்குவதும் ஆளைக் காப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். முன்பிருந்தே சாப்பிடுபவர் தொடரலாம், டயாலிசிஸ் தொடங்கிய பிறகு புதிதாக ஆரம்பிப்பதைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. தானாக நிறுத்த வேண்டாம்.

பள்ளத்தூர் வாசகி: மாமனாருக்கு வாரம் 3 முறை டயாலிசிஸ். ஊறுகாய், வத்தல் இல்லாமல் சாப்பிட மாட்டார். அழற்சிக்கு மஞ்சள் நல்லது என்று பாலில் கலந்து கொடுக்கிறோம். கவுனி அரிசி கொடுக்கலாமா?

உப்பிலிருந்து தொடங்குவோம். உடம்பு சுமார் 8 கிராம் உப்புக்கு ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்துவைக்கும். தேங்கிய நீர் இதயத்தை விரிப்பதோடு குடலையும் வீங்கவைக்கிறது. குடலிலுள்ள கிருமி நஞ்சு ரத்தத்தில் கசிந்து அழற்சி கூடுகிறது. ஆகவே உப்பைக் குறைப்பதே அழற்சிக்கும் மருந்து. நாளுக்கு மட்டமாக ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 5 கிராம் உப்பைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துவையுங்கள். அவருடைய சாப்பாடு முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும். ஊறுகாய், மோர் மிளகாய், வத்தல், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கை ஒரே வேளையில் தாண்டிவிடும். செட்டிநாட்டுச் சமையலில் இதற்கு வழி இருக்கிறது: மிளகு, சோம்பு, கல்பாசி, பட்டை, பூண்டு ஆகியவற்றை வறுத்து அரைத்தால் உப்பு குறைந்தது நாக்குக்குப் பெரிதாகத் தெரியாது. ‘குறைந்த சோடியம்’ என்று விற்கும் உப்பு மட்டும் கூடவே கூடாது. அதில் பொட்டாசியம் இருக்கிறது, இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். இளநீரும் அப்படித்தான்.

தண்ணீர் அளவு, நாளெல்லாம் போகும் சிறுநீரோடு 500 மி.லி. ரசம், மோர், காபி, கஞ்சி எல்லாம் இதில் சேரும். 60 கிலோ ஆளிடமிருந்து மணிக்கு 780 மி.லி.க்கு மேல் நீர் எடுப்பது இதயத்துக்கு ஆகாது. நான்கு மணி நேரத்தில் சுமார் 3 லிட்டர்தான். நாலரை கிலோ ஏறி வந்தால் எந்த இயந்திரமும் நல்லபடியாக இறக்க முடியாது; பி.பி. சரியும், தசை இழுக்கும், இதயத் தசைக்கு ரத்தம் குறையும்.

குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை. தினமும் பாலில் கரண்டிக் கணக்கில் வேண்டாம்: மஞ்சளில் ஆக்சலேட் அதிகம், பாலில் பாஸ்பரஸ், அதோடு அது திரவக் கணக்கிலும் ஏறும். கவுனி அரிசியில் தவிடு நீங்காததால் வெள்ளை அரிசியைவிடப் பாஸ்பரஸும் பொட்டாசியமும் கூடுதல்; விசேஷத்தன்று ஒரு கரண்டியோடு நிறுத்துங்கள்.

பல வீடுகளில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. டயாலிசிஸுக்கு முன் சொன்ன ‘புரதம் குறை’ என்பதை அதற்குப் பிறகும் கடைப்பிடிக்கிறார்கள். இப்போது கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். 60 கிலோ எடைக்கு 60 முதல் 72 கிராம். முட்டை வெள்ளைக்கரு, மீன், கோழி அளவோடு கொடுங்கள். மனம் கேட்காமல் கஞ்சியில் நிறுத்திவிட்டால் ஆல்புமின் சரியும்.

கானாடுகாத்தான் வாசகர்: ரத்தம் ஊற எரித்ரோபொய்ட்டின் ஊசி போட்டும் என் அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்டவில்லை. இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 900. இரும்பு நிறைய இருக்கிறதே?

இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறது. அழற்சியில் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து இரும்பை வெளியே விடாமல் வைக்கும். ஃபெரிட்டினும் அழற்சியாலேயே ஏறும். ரத்தத்தில் பயன்பாட்டுக்குக் கிடைக்கும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதுதான் நிலை. ஊசியின் அளவை ஏற்றிக்கொண்டே போவது ஆபத்து. மேலே சொன்ன மூலங்களைத் தேடுங்கள், அவற்றோடு பழைய செயலிழந்த கிராஃப்டையும் (டயாலிசிஸுக்காக வைத்த செயற்கை ரத்தக் குழாய்) பாருங்கள்.

திருப்பத்தூர் வாசகி, சிவகங்கை மாவட்டம்: வியாழன் முடித்தால் அடுத்தது திங்கள்தான். ஞாயிறு இரவு அவருக்கு மூச்சு வாங்குகிறது. நெஞ்சு வலி இல்லை. காலைவரை காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள். நீண்ட இடைவெளியின் கடைசி நேரம்தான் இதயத்துக்கு மிக மோசமான நேரம். நீரும் பொட்டாசியமும் சேர்ந்து உச்சத்தில் இருக்கும். சர்க்கரை உள்ளவருக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரலாம். மூச்சு வாங்குதல், வியர்வை, கால் கனத்துத் துவளுதல் மட்டும் தெரியலாம். வாரத்தில் 3-ஆவது டயாலிசிஸ் கிடைக்குமா என்று உங்கள் மையத்தில் கேளுங்கள், அதுவரை வெள்ளியிலிருந்து திரவத்தை இறுக்கிப் பிடியுங்கள்.

அந்த இரவில் 108-ஐ அழைத்து, இ.சி.ஜி.யும் பொட்டாசியமும் உடனே பார்க்கும் மருத்துவமனைக்குப் போங்கள். இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின், டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் பெரும்பாலும் சற்று ஏறியே இருக்கும். சில மணி இடைவெளியில் இரண்டு முறை பார்த்து ஏறுகிறதா என்று ஒப்பிட வேண்டும். கடைசி டயாலிசிஸ் நாள், உலர் எடை (தேங்கிய நீர் நீங்கிய எடை), ஃபிஸ்டுலா எந்தக் கை, மருந்துப் பட்டியல் நான்கையும் ஒரே தாளில் எழுதி அவர் சட்டைப் பையில் வையுங்கள்.