ஹைன்லைன் எந்தப் பக்கம்?

தம்பி, வியாசர்பாடி வாசகர் வட்டத்தில் ஞாயிறன்று அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஹைன்லைனைப் பற்றிப் பேசணும், ஆனால் அவர் அதிகாரத்துக்கு ஆதரவா எதிரா என்றே பிடிபடவில்லை என்கிறீர்கள். ஒரே பெட்டியில் அடைக்கப் பார்க்காதீர்கள். 1959 ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ நாவலில் அரசுச் சேவை முடித்தவனுக்குத்தான் ஓட்டு. 1966-இல் வந்த ‘தி மூன் இஸ் எ ஹார்ஷ் மிஸ்ட்ரஸ்’ நாவலில் அதே மனிதர் நிலாவில் கைதிகளின் வாரிசுகளைப் பூமிக்கு எதிராகக் கிளப்பிவிடுகிறார். எனக்கென்னவோ அதிகாரத்தைப் பற்றி எழுதுவதில், அதே வகைக் கதை எழுதிய அர்சுலா லெ குவின்தான் இன்னும் கெட்டி. ‘தி டிஸ்பொசஸ்ட்’டில் (1974) அனாரஸ் என்கிற கற்பனை உலகில் அரசே கிடையாது, ஆனாலும் சபுல் என்கிற மூத்தவர் தன் பெயரையும் சேர்த்தால்தான் இளம் இயற்பியலாளன் ஷெவெக்கின் ஆய்வு அச்சேறும் என்கிறார், அவனும் தலையாட்டுகிறான். எங்கள் தெருவில் தண்ணி லாரி வந்தால் குடங்களை வரிசைப்படுத்தும் அக்காவை யாரும் நியமிக்கவில்லை, ஆனால் அவர் வைத்ததுதான் சட்டம். பேச்சை அங்கிருந்தே ஆரம்பிங்க, கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.