தெரியும் போல இருக்கும், எழுத வராது: ஞாபகம், கவனம் பற்றிச் சில கேள்விகள்

ஞாபகம், கவனம், நனவு, கணக்குத் தீர்ப்பது பற்றிக் கொழும்பு வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, அறிகை உளவியல் படிப்பிக்கும் ஒருவர் தந்த பதில்கள்.

ஏ.எல். மாணவி, வெள்ளவத்தை: மிஸ், பயோ நோட்ஸ நாலு தரம் வாசிச்சு ஹைலைட்டரும் அடிச்சிட்டேன். வாசிக்கேக்க எல்லாம் தெரியும் போல இருக்கு. பேப்பரைக் கண்டதும் ஒண்டும் வருகுதில்லை. என்ர ஞாபகசக்தியில ஏதும் பிழையா?

பதில்: ஞாபகசக்தியில் பிழையில்லை தங்கச்சி. தெரியுமா தெரியாதா என்று நீங்கள் பார்க்கிற விதத்தில்தான் பிழை. நாலாம் தரம் வாசிக்கும்போது பக்கம் பழகிவிடும், கண் எங்கும் தடக்காமல் ஓடும். அந்த ஓட்டத்தையே "எனக்குத் தெரியும்" என்று எடுத்துக்கொள்கிறோம். சோதனை மண்டபத்தில் அந்தப் பக்கம் முன்னால் இருக்காது. கண்டதை அடையாளம் பிடிப்பது ஒரு வேலை. எதையும் பார்க்காமல் உள்ளிருந்து எடுப்பது வேறு வேலை. நீங்கள் முதலாவதை மட்டும் பழகியிருக்கிறீர்கள்.

ரோடிகர், கார்ப்பிக்கே என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006 இல் இதைச் சோதித்தார்கள். மாணவர்கள் ஒரு பகுதியை இரண்டு தரம் வாசித்தார்கள். இன்னொரு பகுதியை ஒரு தரம் வாசித்து, பிறகு பார்க்காமல் எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது, இரண்டு தரம் வாசித்ததில் 81 வீதம் ஞாபகம் இருந்தது, எழுதிப் பார்த்ததில் 75 வீதம். ஒரு கிழமை கழித்து அது தலைகீழானது: வாசித்ததில் 42, எழுதியதில் 56. அவர்களுடைய அடுத்த பரிசோதனையில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் தங்களுக்குக் கூடுதலாக ஞாபகம் இருக்கும் என்று நம்பினார்கள். உங்களுக்கு நடந்ததும் இதுதான்.

செய்ய வேண்டியது: ஒரு சிறிய தலைப்பை, சிறுநீரகத்தியின் (நெஃப்ரோன்) அமைப்பு என்று வைத்துக்கொள்வோம், ஒரே ஒரு தரம் கவனமாக வாசியுங்கள். கொப்பியை மூடிவிட்டு வெற்றுத்தாளில் படத்தைக் கீறி, பகுதிகளுக்குப் பெயர் போட்டு, ஒவ்வொன்றிலும் எது மீள உறிஞ்சப்படுகிறது என்று எழுதுங்கள். வராவிட்டால் உடனே கொப்பியைத் திறக்காதீர்கள். ஒரு நிமிடமாவது தேடுங்கள், அந்தத் தேடலில்தான் பலன் இருக்கிறது. பிறகு கொப்பியைத் திறந்து, விட்டதைச் சிவப்புப் பேனையால் எழுதுங்கள். அடுத்த முறை சிவப்பில் உள்ளதில் இருந்து தொடங்குங்கள். சரிபார்க்காமல் விட்டால் பிழையான விடையே பதிந்துவிடும்.

அடுத்த முறை எப்போது என்பது, எவ்வளவு காலம் ஞாபகம் இருக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. ஒரு கிழமையில் டெஸ்ட் என்றால் ஒரு நாள், இரண்டு நாள் இடைவெளி போதும். ஒரு மாதம் என்றால் ஒரு கிழமை, பத்து நாள். ஒரு வருடத்துக்கு என்றால் மூன்று கிழமை. செபீடாவும் கூட்டாளிகளும் 2008 இல் பெற்ற முடிவுகள் ஏறத்தாழ இப்படித்தான். இடைவெளி விட்டால் அடுத்த தரம் பாதி மறந்திருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். பலர் அந்த எரிச்சலில்தான் பழையபடி ஹைலைட்டருக்குப் போகிறார்கள். ஹைலைட்டர் கடைக்காரருக்கு மட்டும்தான் லாபம்.

அதே மாணவி: அப்ப எம்.சி.க்யூ. மட்டும் செய்து பார்த்தா காணாதா?

பதில்: காணாது. விடை கண் முன்னால் இருக்கும்போது திரும்பவும் அடையாளம் பிடிப்பதாகிவிடும். ஐந்து விடைகளையும் கையால் மறைத்து, முதலில் உங்கள் விடையைச் சொல்லிவிட்டுப் பிறகு பாருங்கள்.

கம்பஸ் மாணவன், பம்பலப்பிட்டி: பாட்டுக் கேட்டுக்கொண்டு படிக்கலாமா? தமிழ்ப் பாட்டு எண்டா கவனம் போகுது எண்டு இப்ப கொரியன் பாட்டுத்தான் போடுறேன், விளங்காதுதானே.

பதில்: விளங்காவிட்டாலும் தப்ப ஏலாது தம்பி. வாசிப்பதையும் கேட்பதையும் சில வினாடிகளுக்கு ஒலி வடிவில் வைத்திருக்கும் ஒரு பகுதி, 1974 இல் பாட்லியும் ஹிட்ச்சும் முன்வைத்த செயல்நினைவு (செய்யும் வேலைக்கு வேண்டியதைச் சிறிது நேரம் பிடித்து வைக்கும் ஞாபகம்) மாதிரியில் இருக்கிறது. பேச்சொலி, எந்த மொழியாக இருந்தாலும், அனுமதி கேட்காமலே அதற்குள் நுழைகிறது. ஆங்கிலம் பேசுவோருக்கு ஜெர்மன் உரையைப் பின்னணியில் போட்டபோதும், அவர்கள் வரிசையாக ஞாபகம் வைப்பது குறைந்தது. பழகிய கணக்கைத் திரும்பச் செய்யும்போதோ படத்துக்கு நிறம் தீட்டும்போதோ பாட்டு பெரிய கேடில்லை. வாசிப்பு, மனனம், கட்டுரை எழுதுவது என்றால் நிறுத்துங்கள். காலி வீதி இரைச்சலை மறைக்கத்தான் பாட்டு என்றால், ஃபானைப் போட்டாலே போதும். ஒரே சீராக வரும் சத்தம் இந்த வேலையைக் கெடுப்பது குறைவு.

கவுண்டரில் வேலை செய்பவர், புறக்கோட்டை: புது அடையாள அட்டையில 12 இலக்கம். பார்த்துப் பார்த்து அடிக்கிறதுக்குள்ள மறந்துபோகுது. ஞாபகத்தில 7 தானாமே நிற்கும்?

பதில்: 7 என்பது மில்லர் 1956 இல் எழுதியதில் இருந்து வந்தது. கோவன் 2001 இல் அதை 4 அளவுக்கு இறக்கினார். ஆனால் எண்ணுவது இலக்கங்களை அல்ல, கட்டுகளை. 4 இலக்கம் சேர்ந்து உங்களுக்கு ஒரு பொருள் தந்தால் அது ஒரே கட்டு. அடையாள அட்டையில் அந்த வசதி ஏற்கனவே இருக்கிறது. முதல் 4 பிறந்த வருடம். அடுத்த 3, வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூடும். பெப்ரவரி 1 இல் பிறந்த ஆணுக்கு 032, பெண்ணுக்கு 532. எதிரே நிற்பவரைப் பார்த்தாலே 500 உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும். புதிதாகத் தூக்க வேண்டியது கடைசி 5 இலக்கம் மட்டும். அதையும் 3, 2 ஆகப் பிரித்து, அடித்து முடியும்வரை வாய்க்குள் சொல்லுங்கள். இடையில் யாராவது "தொகை எவ்வளவு?" என்று கேட்டால் போச்சு, திரும்பப் பார்க்கத்தான் வேணும்.

வான் சாரதி, தெஹிவளை: கையில போனை வச்சுக் கதைக்கிறதுதானே ஆபத்து? நான் ஹேண்ட்ஸ்ஃப்ரீயிலதான் கதைக்கிறன்.

பதில்: இல்லை அண்ணை. ஸ்ட்ரேயரும் ஜோன்ஸ்டனும் 2001 இல், வாகனம் ஓட்டுவது போன்ற வேலையைக் கணினியில் செய்யவிட்டுப் பார்த்தார்கள். போனில் கதைத்தபோது தவறவிட்ட சிவப்பு சமிக்ஞைகள் இரண்டு மடங்குக்கும் கூடுதலாகின. கையில் பிடித்தாலும் சரி, ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்றாலும் சரி, வித்தியாசம் இருக்கவில்லை. ரேடியோ கேட்டபோது அப்படி நடக்கவில்லை. ஆபத்து கையில் இல்லை, கதையில். கண் ரோட்டில்தான் இருக்கும், பார்த்தது உள்ளே ஏறாது.

பக்கத்து சீற்றில் இருப்பவரோடு கதைப்பதும் இதுதானே என்று கேட்பீர்கள். அவருக்கும் ரோட்டுத் தெரியும். பஸ் ஒன்று திடீரென்று வெட்டினால் அவரே பேச்சை நிறுத்துவார். போனில் இருப்பவர் தொடர்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். தவறவிட்டதை நாம் அறியவே மாட்டோம் என்பதுதான் இதில் மோசம். காணாததைக் காணவில்லை என்று உணர வழியில்லை, அதனால் "இத்தனை வருஷம் ஒண்டும் நடக்கேல்லையே" என்பது சாட்சியாகாது. அழைப்பு வந்தால் ஓரம் கட்டுங்கள்.

வாசகர், கொட்டாஞ்சேனை: ஒரு விபத்தை நானும் கூட்டாளியும் பார்த்தோம். ரெண்டு பேரும் ரெண்டு மாதிரிச் சொல்றோம், ரெண்டு பேருக்கும் நல்ல நிச்சயம். ஆர் பொய்?

பதில்: ஒருவரும் பொய்யில்லை. 1974 இல் லொஃப்டஸும் பாமரும் ஒரே விபத்துப் படத்தைக் காட்டி, "மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?" என்று சிலரிடமும், "தொட்டபோது என்ன வேகம்?" என்று வேறு சிலரிடமும் கேட்டார்கள். முதல் கூட்டம் சராசரியாக மணிக்கு 40 மைலுக்கு மேல் என்றது, மற்றது 31.8. இன்னொரு சுற்றில், ஒரு கிழமை கழித்து உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்டபோது, "நொறுங்கிய" என்ற சொல்லைக் கேட்டிருந்தவர்களில் 50 க்கு 16 பேர் பார்த்தோம் என்றார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை.

பொலிசுக்கோ இன்சூரன்சுக்கோ சொல்ல வேண்டி வந்தால், ஒருவரோடும் கதைக்க முன்னம், போன் வீடியோ எதுவும் பார்க்க முன்னம், தனியாக எழுதி வையுங்கள். நிச்சயமானதையும் ஊகத்தையும் பிரித்து எழுதுங்கள். கூட்டாளியோடு ஒருக்கா கதைத்துவிட்டால், எது உங்களுடையது, எது அவருடையது என்று பிறகு பிரிக்க ஏலாது.

வாசகர், வத்தளை: நனவு எண்டா என்ன? மூளையில 10 வீதம்தான் பாவிக்கிறோமாமே?

பதில்: 10 வீதம் கட்டுக்கதை. நித்திரையிலும் மூளை முழுக்க இயங்குகிறது. நனவு என்ன என்பதற்கு எல்லோரும் ஒத்துக்கொள்ளும் விடை இல்லை, ஆனால் அது இல்லாமலும் எவ்வளவோ நடக்கும் என்பது நிச்சயம். 1974 இல் வைஸ்க்ராண்ட்ஸ் குழு விவரித்த ஒரு நோயாளிக்கு, சத்திரசிகிச்சைக்குப் பின் பார்வைப் புலத்தின் ஒரு பக்கம் தெரியவில்லை. "ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்லிக்கொண்டே, ஊகித்துக் காட்டச் சொன்னால், வெளிச்சம் இருந்த இடத்தைப் பெரும்பாலும் சரியாகக் காட்டினார்.

ஒரு அம்மா, மட்டக்குளி: மகன் ஓ.எல். வீட்டில பயிற்சிக் கணக்கு எல்லாம் சரியாச் செய்வான். பேப்பரில எந்த முறையெண்டு தெரியாம நிற்கிறான்.

பதில்: பயிற்சிப் புத்தகத்தில் "உருளையின் கனவளவு" என்று தலைப்புப் போட்டு, கீழே இருபதும் உருளைக் கணக்கு. எந்தச் சூத்திரம் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. பேப்பரில் தலைப்பு இல்லை, தெரிவு செய்வதுதான் முக்கால்வாசி வேலை, அதை அவர் பழகவில்லை.

ரோரரும் டெய்லரும் 2007 இல் நாலு வகைத் திண்மங்களின் கனவளவை இரண்டு விதமாகப் பழக்கினார்கள். வகை வகையாகச் செய்தவர்கள் பயிற்சியில் 89 வீதம் சரி, கலந்து செய்தவர்கள் 60. ஒரு கிழமை கழித்து வைத்த சோதனையில் வகை வகையாகச் செய்தவர்கள் 20, கலந்து செய்தவர்கள் 63.

ஒரே முறையைத் தொடர்ந்து செய்தால் கண்ணும் கட்டும். 1942 இல் லூச்சின்ஸ் கொடுத்த கணக்கு: 21, 127, 3 அளவுள்ள சாடிகளால் 100 அளக்க வேண்டும். 127 ஐ நிரப்பி, 21 ஐ ஒரு தரமும் 3 ஐ இரண்டு தரமும் குறைத்தால் வரும். இதே மாதிரி சிலவற்றைச் செய்யவிட்டு, 23, 49, 3 இல் 20 கேட்டால், பலர் 49 இல்தான் தொடங்கினார்கள். 23 இல் 3 ஐக் கழித்தால் முடிந்தது. மகனுக்கும் கொடுத்துப் பாருங்கள், முதல் மாதிரியில் ஐந்தைச் செய்த பிறகு.

புதிய பாடம் என்றால் முதல் நாலைந்து கணக்கு ஒரே வகையில் இருக்கட்டும். அதற்குப் பிறகு பழைய மூன்று பாடங்களில் இருந்து கலந்து பத்து. ஒவ்வொன்றுக்கும் கணிக்க முன்னம், எந்த முறை, ஏன் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். சில நாள் அந்த வரியை மட்டும் எழுதி, கணிக்காமலே விட்டாலும் பலன் உண்டு. முதல் கிழமை புள்ளி இறங்கும், டியூஷன் சேரை மாற்ற ஓடாதீர்கள்.

வாசகர், கிராண்ட்பாஸ்: அப்பா பிரஷர் குளிசை போட மறந்து போறார், சில நாள் ரெண்டு தரம் போடுறார். அலாரம் வச்சும் சரிவரேல்லை.

பதில்: அலாரம் அடிக்கும்போது கை வேலையில் இருக்கும், நிறுத்திவிட்டு "பிறகு" என்பார். நேரத்தோடு கட்டாமல், தினமும் தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு கட்டுங்கள்: "காலைத் தேத்தண்ணிக் கோப்பையை வைத்ததும் குளிசை." பெட்டி தேயிலைப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். சாப்பாட்டுக்கு முன்னமா பின்னமா என்று மட்டும் டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு தரம் போடுவது வேறு சிக்கல். நேற்றுப் போட்டதும் இன்று போட்டதும் ஒரே மாதிரி இருப்பதால் ஞாபகத்தில் குழம்பும், அதை ஞாபகத்தால் சரிசெய்ய ஏலாது. பார்மசியில் ஏழு அறைப் பெட்டி வாங்கி, ஞாயிறு பின்னேரம் நீங்களே நிரப்புங்கள். அறை வெறுமை என்றால் போட்டாச்சு. தெரிந்த இடத்திலேயே வழி தவறுவது, கேட்டதையே சிறிது நேரத்தில் திரும்பத் திரும்பக் கேட்பது இருந்தால், பெட்டியோடு நிறுத்தாமல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.