அடைப்புக்குறிக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை

கேள்வி: லண்டன் புறநகரில் வசிக்கிறோம். எங்கள் 13 வயது மகள், இங்கே ஒரு தொண்டு அமைப்பு நடத்தும் குதிரையேற்றப் பள்ளியில் மூன்று ஆண்டுகளாகப் பயில்கிறாள். வசதி குறைந்த பிள்ளைகளுக்காகவும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காகவும் தொடங்கப்பட்ட பள்ளி. மற்ற இடங்களைவிடக் கட்டணம் பாதிதான். இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, அவளுக்குப் பிடித்த மட்டக்குதிரை தீனியைத் தொடவில்லை, மூக்கு ஒழுகியது. துடைத்துவிட்டு வந்தாள். புதன்கிழமை, அது 'ஸ்ட்ராங்கிள்ஸ்' என்ற தொற்றுநோய் என்றும் பள்ளியை மூடுகிறோம் என்றும் எல்லாப் பெற்றோருக்கும் மின்னஞ்சல் வந்தது. இப்போது நான்கு குதிரைகளுக்கு நோய். மூன்று மாதக் கட்டணத்தை முன்பே கட்டியிருக்கிறோம். முடிந்தவர்கள் அதைத் திரும்பக் கேட்காமல் உதவுங்கள் என்கிறார் பள்ளியை நடத்தும் அம்மையார். ஒழுங்காகப் பராமரித்திருந்தால் நோய் வந்திருக்குமா, பணத்தைத் திரும்பக் கேள் என்கிறார் கணவர். மகள் குதிரையைப் பார்க்க வேண்டும் என்று ஒரே அழுகை. ஞாயிற்றுக்கிழமை முதல் எங்களிடம் சரியாகப் பேசுவதுகூட இல்லை. (பயிற்சி விட்டுப்போகக் கூடாதே என்று அன்றைக்கு வேறொரு லாயத்துக்கு அழைத்துப் போய் ஒரு மணி நேரம் ஓட்டவைத்தோம். பள்ளியில் நோய் என்று அங்கே சொல்லவில்லை. சொன்னால் சேர்க்க மாட்டார்கள்.) பணத்தைத் திரும்பக் கேட்பதா, உதவுவதா?
— ஒரு தாய், லண்டன்

பதில்: நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் ஒரு வரிதான். பணத்தைத் திரும்பக் கேட்காதீர்கள்.

கட்டணமா நன்கொடையா என்று எனக்கு எத்தனையோ கடிதங்கள் வருகின்றன. கோயில் திருப்பணி, நாட்டியப் பள்ளி, ஊர்ச் சங்கம் என்று பெயர்தான் மாறும். எல்லாவற்றிலும் பணம் முன்வாசலில் வந்து நிற்கும். உண்மையான சங்கதி கொல்லைப்புறமாக நழுவிப் போகும். உங்கள் கடிதத்தில் அது அடைப்புக்குறிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்கு மின்னஞ்சலில் இரண்டு வரி அனுப்பினேன்: "அந்த இரண்டாவது லாயத்துக்கு இன்றைக்கே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். மற்றதை இதழில் எழுதுகிறேன்." இன்றுவரை உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. ஆகையால் ஊரறியக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் எந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு போனாள்?

புதிதாக வாங்கினோம் என்று நீங்கள் எழுதவில்லை. வளர்கிற பெண்ணுக்கு இரண்டு ஜோடி வாங்கிவைக்கும் வீடுகள் குறைவு. முந்திய சனிக்கிழமை நோயுற்ற குதிரையின் காலடியில் நின்ற அதே பூட்ஸ். மூக்கைத் துடைத்தபோது போட்டிருந்த அதே மேல்சட்டை. ஒருவேளை அதே கையுறை. எட்டு நாள் எங்கே கிடந்தன? வெயிலில் காய்ந்திருந்தால் கிருமி சில நாட்களில் செத்துப்போகும். ஈரமும் இருட்டும் இருந்தால் தாக்குப்பிடிக்கும். காரின் பின்பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தனவா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

இந்த நோயைப் பற்றி உங்கள் பள்ளியின் மின்னஞ்சலில் எல்லாம் இருந்திருக்கும். நீங்கள் கட்டணம் பற்றிய பத்தியை மட்டும் படித்திருக்கிறீர்கள். காரணம் 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஈக்வை' என்ற பாக்டீரியா. முதலில் காய்ச்சல், பிறகு மூக்கில் சளி, பிறகு தாடைக்கடியிலும் தொண்டையிலும் கட்டிகள் வீங்கிச் சீழ் கோக்கும். விழுங்க முடியாது; மோசமானால் மூச்சு முட்டும். அந்த ஆங்கிலப் பெயரின் பொருளே கழுத்தை நெரிப்பது. பெரும்பாலான குதிரைகள் பிழைத்துவிடும், எல்லாமும் அல்ல. காற்றில் பறந்து ஊர்விட்டு ஊர் போகிற நோய் இல்லை இது. குதிரை குதிரையைத் தொட வேண்டும். இல்லையென்றால் வாளி, கடிவாளம், தண்ணீர்த் தொட்டி, மனிதர்களின் கை, உடை, காலணி இவற்றில் ஏதாவது ஒன்று சுமந்து போக வேண்டும். தொற்றியபின் வெளியே தெரிய 3 முதல் 14 நாள்வரை ஆகலாம். அதனால்தான் "அந்த லாயத்தில் எல்லாம் நன்றாகத்தானே இருந்தன" என்ற சமாதானம் செல்லாது. அந்தக் கெடு முடியும்முன் தெரிந்தால் அவர்கள் தினமும் இரண்டு வேளை குதிரைகளுக்கு வெப்பம் பார்ப்பார்கள். சளியில் கிருமி வெளியேறத் தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்பே காய்ச்சல் வந்துவிடும். காய்ச்சல் கண்ட குதிரையை உடனே பிரித்தால் மற்றவை தப்பும். அந்த ஓரிரு நாள்தான் அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே பிடி. அதை நீங்கள் வாய்திறக்காமல் வைத்திருக்கிறீர்கள்.

ஒரு பூட்ஸுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றினால் ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 2007 ஆகஸ்டில் அந்த நாட்டுக்குள் முதன்முதலாகக் குதிரைக் காய்ச்சல் (குதிரைகளுக்கு வரும் ஃப்ளூ) பரவியது. அது வேறு கிருமி, உங்களுடையதைவிட வேகமாகப் பரவுவது. சில மாதங்களில் 9,000க்கும் அதிகமான இடங்களுக்குப் போய்விட்டது. விசாரித்தவர் முன்னாள் நீதிபதி இயன் கல்லினன். தனிமைப்படுத்தும் நிலையத்தில் நோயுற்ற குதிரையோடு பழகிய யாரோ ஒருவர் சரியாகச் சுத்தம் செய்துகொள்ளாமல் வெளியே போனதில், உடம்பிலோ உடையிலோ கருவியிலோ ஒட்டிக்கொண்டு வெளியேறியதற்கே வாய்ப்பு அதிகம் என்று முடிவு சொன்னார். அந்த யாரோ ஒருவரும் கெட்டவராக இருந்திருக்க மாட்டார். அவசரமாக வீட்டுக்குப் போயிருப்பார்.

என் தம்பிக்கு ஐந்து வயதில் அம்மை போட்டது. நிலைப்படியில் அம்மா வேப்பிலைக் கொத்தைச் செருகினாள். தெருவில் எவரும் கேட்காமலே விஷயம் தெரிந்தது. பால்காரர் திண்ணையோடு நின்றார், பக்கத்து வீட்டுக் கர்ப்பிணி அந்தப் பக்கமே வரவில்லை. அடுத்த வாரம் என் தாய்மாமன் கல்யாணம். அம்மாவோடு பிறந்தவர் அவர் ஒருவர்தான். தாலி கட்டும்போது பின்னால் நிற்க வேண்டியவள் அம்மா. போகவில்லை. தம்பிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதே, குளித்துவிட்டு ஒரு மணி நேரம் தலையைக் காட்டிவிட்டு வா என்று பாட்டியே ஆள் அனுப்பினாள். மூன்றாம் தண்ணீர் ஊற்றாமல் படி தாண்ட மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எந்த அதிகாரியும் அவளைக் கட்டிப்போடவில்லை.

உங்கள் பள்ளிக்கார அம்மையாரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பிரிட்டனில் ஸ்ட்ராங்கிள்ஸ், அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டிய நோய்களின் பட்டியலில் இல்லை. "கால்நடை மருத்துவர் வருகிறார், இரண்டு வாரம் விடுமுறை" என்று ஒரு வரி எழுதிவிட்டு அவர் மூடி மறைத்திருக்கலாம். பெயர் கெடும், வருமானம் போகும், உங்கள் கணவரைப் போன்றவர்கள் பராமரிப்பு சரியில்லை என்பார்கள் என்றெல்லாம் தெரிந்தே நோயின் பெயரைச் சொல்லி எல்லோருக்கும் எழுதினார். வாசலில் வேப்பிலை செருகியவர் அவர். அதே வீட்டிலிருந்து உங்கள் குடும்பம் பின்கதவு வழியாகக் கல்யாணத்துக்குப் போய்வந்திருக்கிறது.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. நோயிலிருந்து தேறிய குதிரைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று, தொண்டைக்குப் பின்னால் இருக்கும் காற்றுப்பைகளில் கிருமியை மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும். பார்வைக்குப் பளபளவென்று இருக்கும். அப்படி ஒன்று எந்த லாயத்துக்குள்ளும் வரலாம், பணக்கார லாயத்துக்கும் சேர்த்துத்தான். 2019 பிப்ரவரியில் குதிரைக் காய்ச்சலுக்காகப் பிரிட்டனில் பந்தயங்களையே ஆறு நாள் நிறுத்தினார்கள். நோய் கண்டவை தடுப்பூசி போட்ட, ராஜபோகத்தில் வளர்ந்த பந்தயக் குதிரைகள். அரைக் கட்டணம் வாங்கும் இடம் என்றால் அழுக்கான இடம் என்று நினைப்பது நம்மவர்களிடம் ஊறிப்போன வியாதி. லண்டன் பிரிக்ஸ்டனில் இப்படி ஒரு தொண்டு லாயத்தில் குதிரையேற்றம் பழகிய கதீஜா மெல்லா என்ற 18 வயதுப் பெண், 2019இல் குட்வுட் குதிரைப் பந்தய மைதானத்தில் மக்னோலியா கோப்பையை வென்றார். அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

இனி உங்கள் மகள்.

நோய்ச் செய்தி வந்தது புதன்கிழமை. அவள் பேச்சு நின்றது ஞாயிற்றுக்கிழமை. இரண்டு கிழமைகளையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. குதிரைக்காக அழுதவள் புதனும் வியாழனும் வெள்ளியும் உங்கள் மடியில்தானே அழுதாள்? ஞாயிற்றுக்கிழமை காரில் என்ன நடந்தது? புது லாயத்தில் முதலில் கேட்பதே "இதற்கு முன் எங்கே ஓட்டினாய்?" என்றுதான். அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காமல் இருந்திருக்க முடியாது. மூன்று ஆண்டுகளாக அந்தப் பள்ளியில் கை கழுவாமல் அடுத்த குதிரையிடம் போகாதே என்று பழக்கியிருப்பார்கள். தன் பூட்ஸில் என்ன இருக்கலாம் என்று உங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அது தெரிந்தே வேறொரு குதிரையின் மேல் ஏறி உட்கார்ந்து ஒரு மணி நேரம் சுற்றியிருக்கிறாள், அம்மாவும் அப்பாவும் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்க. அதன்பிறகு உங்களிடம் அவள் என்ன பேசுவாள்?

"பயிற்சி விட்டுப்போகக் கூடாதே" என்கிறீர்கள். எந்தப் பயிற்சி, தாயே? சேணத்தில் நிமிர்ந்து உட்கார எந்த வயதிலும் கற்றுக்கொள்ளலாம். நம் வீட்டு வசதிக்காக அடுத்தவர் வீட்டுக்கு நோயைக் கொண்டுபோகக் கூடாது என்பதைப் பெற்றவர்கள் இந்த வயதுக்குள் காட்டிக்கொடுத்துவிட வேண்டும். நீங்கள் அதற்கு எதிரானதைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறீர்கள்.

உதவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பள்ளியை மூடினாலும் குதிரையின் வயிற்றை மூட முடியாது. 500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்கு ஏழெட்டு முதல் பத்து கிலோ உலர்புல் தின்னும், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும். நோய்க்காலத்தில் வேலை இரட்டிக்கும். நோயுற்றவை, அவற்றோடு பழகியவை, தொடர்பே இல்லாதவை என்று மூன்றாகப் பிரித்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வாளி, தூரிகை எல்லாவற்றையும் தனித்தனியாக வைக்க வேண்டும், கூடுமானவரை ஆட்களையும். முடிவில் ஒவ்வொரு குதிரைக்கும் அந்தக் காற்றுப்பைகளுக்குள் குழாய்க் கேமரா விட்டுக் கழுவியெடுத்துச் சோதித்தால்தான் கிருமி ஒளிந்திருக்கிறதா என்று தெரியும். அந்தச் செலவுக்குப் பயந்து அரைகுறையாகத் திறக்கும் இடங்களில்தான் நோய் திரும்ப வருகிறது. கட்டணத்தை விட்டுக்கொடுப்பதோடு அந்தச் சோதனைக்கென்று தனியே ஒரு தொகை கொடுங்கள். நீங்கள் அங்கே வரி கட்டுபவர் என்றால் 'கிஃப்ட் எய்ட்' படிவத்தில் கையெழுத்திடுங்கள். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து அவர்களுக்குச் சேரும். வீட்டில் போதாமை இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்பதில் ஓர் இழுக்கும் இல்லை. ஆனால் ஒரு மணி நேரத்துக்காக இரட்டைக் கட்டண லாயத்துக்குப் போன வீட்டில் என்ன போதாமை?

பொருளாகக் கொடுப்பதானால் என்ன வேண்டும் என்று கேட்டு, கேட்டதை மட்டும் வாங்கி அனுப்புங்கள். பழைய போர்வைகளை மூட்டை கட்டி அனுப்பிப் புண்ணியம் தேடிக்கொள்ள வேண்டாம். குதிரையைப் பார்க்கப் போகவே கூடாது. மகளை அந்த அம்மையாருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். அந்த மட்டக்குதிரை இன்று என்ன தின்றது என்று அவர் ஒரு வரி எழுதினாலும் அவளுக்குப் போதும். திறப்பதற்குச் சில வாரமோ மாதமோ ஆகலாம். திறக்கிற முதல் சனிக்கிழமை அவள் அங்கே நிற்க வேண்டும். பிள்ளைகள் இந்த இடைவெளியில் வேறு இடம் பழகிப்போய்த் திரும்பாமல் இருந்துவிடுவார்களோ என்பதுதான் அப்படி ஒரு பள்ளியை நடத்துபவருக்கு ராத்தூக்கத்தைக் கெடுக்கும் பயம்.

பூட்ஸை முதலில் தேய்த்துச் சேற்றைப் போக்குங்கள். சேற்றின் மேல் கிருமிநாசினி சரியாக வேலை செய்யாது. பிறகு கிருமிநாசினியில் நனைத்து நன்றாகக் காயவிடுங்கள். மேல்சட்டையும் கையுறையும் சுடுதண்ணீரில் போகட்டும்.

அதற்கும் முன்னால் தொலைபேசி. இதழ் உங்கள் கைக்கு வரும்போது 14 நாள் தாண்டியிருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். அங்கே ஏதாவது குதிரை இப்போது இருமிக்கொண்டு நின்றால் காரணம் தெரியாமல் தவிப்பார்கள். இன்ன தேதியில் வந்தோம், இந்தக் குதிரையில் ஏற்றினீர்கள், எங்கள் பள்ளியில் ஸ்ட்ராங்கிள்ஸ் இருந்தது, உங்களிடம் சொல்லாமல் விட்டது எங்கள் தவறு. இவ்வளவுதான் பேச்சு. கத்துவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளிக்கார அம்மையாருக்கும் இதே செய்தியைச் சொல்லிவிடுங்கள். பேசும்போது மகள் பக்கத்தில் இருக்கட்டும்.