முகம் சாம்பல் பூத்தது போல் தெரிவது ஏன்?

கேள்வி: முதல் வேலையில் சேரப் போகிறேன். இதுவரை பவுடர் தவிர எதுவும் பூசியதில்லை. அண்மையில் ஒரு ஃபவுண்டேஷன் வாங்கிப் பூசிப் பார்த்தேன். பூசியதும் நன்றாக இருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் முகம் சாம்பல் பூத்த மாதிரியும், கழுத்து வேறு நிறமாகவும் தெரிகிறது. நான் மாநிறம். தினமும் போட்டுக்கொள்ள என்னென்ன தேவை, எந்த வரிசையில் பூச வேண்டும்?

பதில்: உங்கள் முகத்தில் குறை ஒன்றும் இல்லை. உங்கள் நிறத்தைவிட வெளுப்பான ஷேடை வாங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். புதிதாகத் தொடங்கும் பலரும் செய்வது இதுதான். ஃபவுண்டேஷன் நிறத்தைக் கூட்டுவதற்கான பொருள் என்று நம்மிடம் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அது உள்ள நிறத்தைச் சீராகக் காட்டுவதற்கானது.

ஃபவுண்டேஷனுக்கு நிறம் தருபவை பெரும்பாலும் மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஆக்சைடுகளும் வெள்ளை நிற டைட்டானியம் டை ஆக்சைடும்தான். வெளுப்பான ஷேடில் அந்த வெள்ளை அதிகம். மாநிறத் தோலின் மேல் வெள்ளை படிந்தால் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். இன்னும் கொஞ்சம் பூசினால் சரியாகும் என்று அடுக்கினால் சாம்பலும் கூடும்.

ஆகவே ஷேடு தேர்வுக்கு நேரம் கொடுங்கள். புறங்கையில் தடவிப் பார்த்து வாங்க வேண்டாம். கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. தாடை ஓரத்திலிருந்து கழுத்தை நோக்கி, அடுத்தடுத்த மூன்று ஷேடுகளைக் கோடுகளாக இழுத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். காய்ந்து, தோலின் எண்ணெயோடு சேரும்போது சில ஃபவுண்டேஷன்களின் நிறம் மாறும். பிறகு பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் தோலோடு கலந்துவிட்டதோ, அதுதான் உங்களுடையது. இரண்டுக்கு நடுவில் தடுமாறினால், நான் அடர்ந்ததையே எடுக்கச் சொல்வேன். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்த்து அண்டர்டோன், அதாவது தோலின் அடிச்சாயல், கண்டுபிடிக்கும் முறையை மாநிறத்தவருக்கு நான் பரிந்துரைப்பதில்லை, குழப்பமே மிஞ்சும். கோடு ரோஜா நிறமாகத் துருத்தித் தெரிந்தால் மஞ்சள் சாயல் உள்ளதைப் பாருங்கள், அது போதும்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன்: தினசரி வேலைக்கு முகம் முழுக்க ஃபவுண்டேஷன் தேவையே இல்லை. மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், தழும்பை மறைக்கும் கன்சீலர், கொஞ்சம் பவுடர், ஒரு லிப்ஸ்டிக். இவை போதும்.

முகம் கழுவி, ஈரம் முழுதும் காயும் முன் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். அடுத்து எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து காக்கும் அளவு) 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டிய அளவு வந்துவிடும். ஃபவுண்டேஷனிலேயே எஸ்பிஎஃப் இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள். அந்தப் பாதுகாப்பு கிடைக்கும் அளவுக்கு யாரும் ஃபவுண்டேஷன் பூசுவதில்லை. சன்ஸ்கிரீன் தோலில் படியச் சில நிமிடம் விடுங்கள். அவசரப்பட்டு மேலே தேய்த்தால் அழுக்கு உருள்வது போலத் திரிந்து வரும்.

கன்சீலரைக் கரும்புள்ளி, தழும்பு, மூக்கோரச் சிவப்பு ஆகிய இடங்களில் மட்டும் புள்ளியாக வைத்து, மோதிர விரலால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் வந்துவிடும். கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால் அதன் மேல் நேரடியாக வெளிர் கன்சீலர் வைக்காதீர்கள், அங்கேயும் அதே சாம்பல்தான் வரும். முதலில் ஆரஞ்சு சாயல் உள்ள கரெக்டரைக் கடுகளவு ஒற்றுங்கள். அது நீலக் கருமையை அடக்கிவிடும். பிறகு உங்கள் நிறத்துக்கான கன்சீலரை மெல்லியதாக வையுங்கள்.

பவுடர் நெற்றி, மூக்கு, முகவாய்க்கு மட்டும். கண்மை கீழே இறங்கும் என்றால் கண்ணடியிலும் லேசாக ஒற்றலாம். லிப்ஸ்டிக்கை உதட்டின் இயல்பு நிறத்தைவிட ஓரிரு படி அடர்த்தியாகத் தேர்ந்தெடுங்கள். அதையே விரல் நுனியில் தொட்டுக் கன்னத்திலும் பரப்பலாம். பரு வரும் தோல் என்றால் கன்னத்துக்கு அது வேண்டாம்.

எந்தப் பொருளையும் முகத்தில் போடும் முன் காதுக்குப் பின்புறம் தடவி ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் விட்டுவிடுங்கள். டப்பாவின் அடியில் மூடி திறந்த ஜாடி போன்ற சிறு படமும் அதில் ஓர் எண்ணும் இருக்கும். திறந்த பிறகு எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதே அந்த எண். மஸ்காரா வாங்கினால் மூன்று மாதத்தில் மாற்றிவிடுங்கள், கண்ணுக்குத் தொற்று வரக்கூடாது. ஸ்பாஞ்சை வாரம் ஒருமுறையாவது சோப்புப் போட்டு அலசிக் காய வையுங்கள். இரவு எவ்வளவு களைப்பாக இருந்தாலும், கிளென்சிங் எண்ணெயோ மைசெல்லர் வாட்டரோ கொண்டு மேக்கப்பை எடுத்து, முகம் கழுவிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

வேலையில் சேரும் நாளன்று முதன்முறையாகப் பூசாதீர்கள். அதற்கு முன் ஒரு விடுமுறை நாளில் காலையில் பூசி, வீட்டு வேலைகளைப் பார்த்துவிட்டு, நான்கு மணி நேரம் கழித்து ஜன்னலோரம் நின்று கண்ணாடி பாருங்கள். எங்கே கலைந்திருக்கிறது, எங்கே திட்டாகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த இடத்தில் மறுநாள் அளவைக் குறைத்துப் பூசுங்கள்.